கதியால் வேலியில் ஒரு விஷக்கொடி

ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகும் கொடி, ஈசுரமூலி. கச்சான் காற்றில் காய்ந்து செத்ததுபோலக் கிடக்கும். மாரி பிறந்ததும் வேரிலிருந்து துளிர்த்துக் குச்சவெளி வளவுகளின் கிளுவை வேலியில் ஏறிவிடும்.

காட்டு வண்ணாத்திப்பூச்சி பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். பாலையும் வீரையும் நிற்கும் காட்டிலிருந்து தொடங்கியிருக்கலாம். எனக்கு வேலியை விட்டு நகர மனம் வரவில்லை.

இந்தக் கொடியின் குடும்பத்தை விட்டால் வேறு இலையில் வளரத் தெரியாத பூச்சி ஒன்று உண்டு. தமிழில் சிவப்புடல் அழகி என்கிறார்கள். கறுத்த முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள், குங்குமத்தில் தோய்த்த உடம்பு. 1758இல் லின்னேயஸ் இதற்கு ஹெக்டர் என்று பெயரிட்டார். தோற்றுப்போன ட்ராய் நகரத்து வீரனின் பெயர்.

புழு இலையோடு அதன் அரிஸ்டோலோகிக் அமிலத்தையும் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பின்னும் அந்த நஞ்சு கூடவே இருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்ட வராது. இந்தப் பூச்சியின் பறப்பில் அவசரமே இல்லாதது அதனால்தான். (பாம்புக்கடிக்கு ஈசுரமூலி வேரைக் கரைத்துக் குடிப்பவர்கள் கவனிக்க: அதே அமிலம் மனிதருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும்.)

என் பயம் மதில்தான். கதியால் போய்ச் சீமெந்துக் கல் வந்தால் கொடி பற்ற இடமில்லை. அத்திவாரம் வெட்டும்போது வேரும் போய்விடும். போரில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு எல்லை கல்லில் நிற்கவேண்டும் என்ற நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் காட்டோரத்துக் கொடியை மட்டும் நம்பி இந்தப் பூச்சி எத்தனை மாரியைத் தாண்டும்?

வளவுக்குள் இன்னொன்று இருக்கிறது, கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளர்வது. நஞ்சு துளியும் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி சிவப்புடல் அழகியின் சிறகையே உடுத்திக்கொண்டு குருவியை ஏமாற்றித் திரிகிறது. உடம்பு மட்டும் கறுப்பு. உற்றுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அசல் பறக்காத ஊர்களில் இந்த வேடமும் இல்லை.

கறிவேப்பிலை மரம் மதிலுக்கு உள்ளே பத்திரமாக நிற்கும். குருவிக்குப் பயம் காட்டிய கொடி, அத்திவார மண்ணோடு வெளியே கொட்டிக் கிடக்கும்.