நிலக்கடலையும் சிவப்புக் கம்பளிப்புழுவும்

மானாவாரி நிலக்கடலைக்கு நேரும் சேதங்களுள் சிவப்புக் கம்பளிப்புழுவினால் உண்டாவது மிகக் கொடியது. புழு முற்றி வளர்ந்த பின்னர் அதனை ஒழிக்க முயல்வது வீண் செலவேயாகும். அதன் வாழ்க்கை முறையை அறிந்த குடியானவர், அது எளிதில் அகப்படும் காலத்தையும் அறிவார்.

ஆண்டில் சுமார் 10 மாத காலம் இப்பூச்சி வரப்போரங்களிலும் மரநிழலிலும் 4 முதல் 8 அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாய் மண்ணுள் உறங்கிக் கிடக்கிறது. மழையால் மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வெளிப்படுகின்றன. ஒரு பெண் பூச்சி இலையின் அடிப்புறத்திலும், மண்கட்டி, கல் முதலியவற்றின் மீதும் 600 முதல் 700 முட்டைகள் வரை குவியலாக இடும். அவை 3, 4 நாட்களில் பொரிக்கும். இளம் புழுக்கள் முதலில் ஒன்றுகூடி இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். பின்னர்ச் சிதறி, 2 அங்குல நீளம் வரை வளர்ந்து, இலை முழுவதையும் தின்று தண்டை மட்டும் மிச்சம் வைத்து, அடுத்த நிலத்திற்குப் படையெடுக்கும்.

ஆகவே செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. கோடையில் ஆழ உழுதல் வேண்டும். மேலே புரட்டப்பட்ட கூட்டுப்புழுக்கள் வெயிலாலும் பறவைகளாலும் மடியும்.

2. மழை பெய்தவுடன், இரவு 7 மணி முதல் 11 மணி வரை விளக்குப்பொறி வைத்தல் அல்லது தீ மூட்டுதல் வேண்டும்.

3. அடுத்த நாட்களில் முட்டைக் குவியல்களையும் இளம் புழுக் கூட்டங்களையும் இலையோடு பறித்து அழித்தல் வேண்டும். தட்டைப்பயற்றையும் ஆமணக்கையும் இடையிடையே விதைத்திருப்பின், அவற்றில் இவை மிகுதியாகத் தென்படும். முட்டைக் குவியலுள்ள ஓர் இலையைப் பறிப்பது நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

4. புழுக்கள் நிலம் விட்டு நிலம் பெயருமாயின், 1 அடி ஆழமும் முக்கால் அடி அகலமும் செங்குத்தான பக்கங்களும் உடைய பள்ளம் வெட்டி, அதில் விழுபவற்றை நசுக்கி அழித்தல் வேண்டும்.

இவை யாவும் ஊரார் ஒருங்கே செய்தாலன்றிப் பயன் தரா. ஒருவர் மட்டும் விளக்கேற்றுவாராயின், ஒளியை நாடி வந்து தப்பிய பூச்சிகள் அவர் நிலத்திலேயே முட்டையிடக்கூடும். ஒருவர் வாளாவிருப்பாராயின், அவர் நிலத்துப் புழு அண்டை நிலங்களையும் அழிக்கும். சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நிலமுடையோர் அனைவரும் பரிகாரம் செய்ய வேண்டுமென விதித்ததும் இத்தகைய பூச்சிகளை முன்னிட்டே. எனினும், சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரை புழு காத்திராது. மழைக்கு முன்பே கிராம அதிகாரிகள் நிலமுடையோரைக் கூட்டி, எந்த வயலில் யார் விளக்கேற்றுவது, யார் முட்டை பொறுக்குவது என்பதை முடிவு செய்துகொள்வார்களாயின், அவ்வூரின் கடலை அறுவடைக்கு நிற்கும்.