மாதக் கடைசியிலும் தட்டில் கீரை இருக்கட்டும்

சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கும்போது வீட்டுச் செலவில் முதலில் கைவைக்கப்படுவது அரிசி அல்ல. கீரை, பழம், மீன் ஆகியவைதான் ஒவ்வொன்றாக மறைகின்றன. மிஞ்சுவது வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, உடனடி நூடல்ஸ். வயிறு நிறைந்துவிடுவதால் குறை தெரிவதில்லை. மாதம் தவறாமல் இப்படியே நடந்தால், மிச்சம் பிடித்த வெள்ளி பின்னாளில் பலதுறை மருந்தகத்தில் செலவாகக்கூடும். 2016ல் சிங்கப்பூர் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இந்தியர்களிடையே அந்நோய் சீனர்களைவிட அதிகம் என்பது நம் வீடுகளில் தெரியாத செய்தி அன்று.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் ‘ஆரோக்கியத் தட்டு’ எளிமையானது. தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு முழுத்தானியம். மீதிக் கால் பங்கு இறைச்சி, மீன், பருப்பு போன்ற புரத உணவு. நம் வழக்கமான தட்டைத் தலைகீழாக்கிய கணக்கு இது. ஆரோக்கியம் என்றாலே சால்மன் மீனும் புரோக்கோலியும் ஆலிவ் எண்ணெய்யும்தான் என்று பலர் நினைத்து ஒதுங்குகிறார்கள். அந்தத் தட்டை கங்கோங், முளைக்கீரை, முட்டைக்கோஸ், தவ்கே ஆகியவற்றைக் கொண்டும் நிரப்பலாம். ஈரச்சந்தையில் கடை மூடும் நேரத்தை ஒட்டிச் சென்றால் காய்கறிக் குவியல்களை விலை குறைத்துக் கொடுப்போர் உண்டு. அன்றே சமைப்பதற்கு அவை போதும். உறையவைத்த காய்கறிகளையும் ஒதுக்க வேண்டாம். சத்து பெரிதாகக் குறைவதில்லை, வீணாவதும் இல்லை.

புரதத்தில்தான் சேமிப்பு அதிகம். சமைக்காத பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது. சோற்றில் குறைவாக உள்ள அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவது சோற்றில் கிடைக்கும். பாட்டி வைத்த சாம்பாரின் அறிவியல் அதுதான். ஆனால், கால் கிண்ணம் பருப்பைக் குடம் தண்ணீரில் கரைத்து நான்கு பேருக்கு ஊற்றினால் அந்தக் கணக்கு பலிக்காது. சாம்பார் கெட்டியாக இருக்க வேண்டும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை, முட்டை, தாவ் குவா, தெம்பே ஆகியவை மற்ற வழிகள். தெம்பேயைச் சாம்பார்ப் பொடி தூவி வாட்டினால் பிள்ளைகள் கோழி கேட்பது சற்றுக் குறையும். டின் சார்டின் மீனில் முள்ளோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகிறது. உப்பு அதிகம் என்பதால் சமைக்கும்போது மேலும் உப்பு சேர்க்கத் தேவையில்லை.

பழுப்பரிசி விலை கூடுதல்தான். முழுவதும் மாற வேண்டியதில்லை. மூன்று பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பரிசி கலந்தால் வீட்டில் சண்டை வராது. சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் கேழ்வரகு மாவும் முழுக் கோதுமை ஆட்டா மாவும் அதே வேலையைச் செய்யும்.

வெளியில் சாப்பிட வேண்டியவர்கள், வீவக வாடகைக்கு விட்டுள்ள காப்பிக்கடைகளில் மலிவுவிலை உணவு இருக்கிறதா என்று பார்க்கலாம். எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதை ‘பட்ஜெட் மீல் கோவேர்’ இணையத்தளம் சொல்கிறது. காய்கறி, சோறு விற்கும் கடையில் இரண்டு காய், ஒரு தாவ் குவா கேட்டு, சோற்றின்மேல் குழம்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எண்ணெய்யும் உப்பும் குறையும். குடிக்க ‘தே ஓ கோசோங்’. சர்க்கரை, பால் இரண்டும் இல்லாததால் பெரும்பாலும் விலையும் குறைவு. தே தாரிக்கை விட முடியாதவர்கள் அதை வாரத்திற்கு ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்ளலாம்.

2026 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்திற்கும் வழங்கப்பட்ட 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டில் 150 வெள்ளியைப் பேரங்காடிகளிலும் 150 வெள்ளியை உணவங்காடிகள், அக்கம்பக்கக் கடைகளிலும் செலவிடலாம். அது டிசம்பர் 31 வரை செல்லும். ஒரே மாதத்தில் தீர்க்காமல், பேரங்காடிப் பங்கை அரிசி, பருப்பு, எண்ணெய்க்கென்று ஒதுக்கினால் கையில் இருக்கும் ரொக்கம் காய்கறிக்கு மிஞ்சும்.

செலவைச் சுருக்கும்போது கீரைக்கு அடுத்து காணாமல்போவது உல்லாசம். எந்த மகிழ்ச்சியும் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டியவர்கள் நான்காவது வாரம் கைப்பேசியில் உணவு வரவழைத்து மொத்தச் சேமிப்பையும் கரைத்துவிடுவது சகஜம். பூமலை எனப்படும் தாவரவியல் பூங்கா காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். புளியோதரை, அவித்த முட்டை, வெள்ளரித் துண்டு, ஒரு பாய், இவ்வளவு போதும். கரையோரப் பூந்தோட்டத்தின் ஒளி-ஒலிக் காட்சியும் கட்டணமற்றது, மாலை 7.45க்கும் 8.45க்கும் நடக்கிறது. இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாகச் செல்லலாம். திங்கட்கிழமை விடுமுறை. அங்கிருந்து தேக்கா சந்தை சில நிமிட நடைதான். வீட்டுக்குத் திரும்பும்போது காய்கறியும் வாங்கிவிடலாம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பச்சைப்பயறு முளைகட்டுவதே ஒரு விளையாட்டு. ஈரத்துணியில் கட்டிவைத்து மறுநாள் காலை யாருடையது நீளமாக முளைத்திருக்கிறது என்று பார்க்கலாம். சற்று இடம் வேண்டுவோருக்கு, தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் பல குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் உள்ளன. அங்கே வேலை செய்தால் உடற்பயிற்சி, பேச்சுத் துணை, சில வேளை ஒரு கைப்பிடிக் கறிவேப்பிலையும் கிடைக்கும்.

இத்தனையும் செய்து பார்த்தும் சாப்பாட்டுக்கே பணம் போதவில்லை என்றால், அதற்குச் சிக்கனக் குறிப்புகள் தீர்வாகா. வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நேரில் செல்லத் தயங்குவோர் 1800-222-0000 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.