பாப்பா சட்டையா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க!

(நமது நிருபர்)

சென்னை –

கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாச்சு. குடிக்கவில்லை. தூளியில் போட்டு ஆட்டியாச்சு. தூங்கவில்லை. உப்பு, மிளகாய் எடுத்துத் திருஷ்டியும் கழித்தாச்சு. அழுகை மட்டும் நிற்கவில்லை.

காலில் மாட்டிய சாக்ஸைக் கழற்றிப் பார்த்தீர்களா?

சாக்ஸுக்குள் தொங்கும் ஒரே ஒரு நூல் போதும். குழந்தை காலை உதைக்க உதைக்க, அது பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். விரல் சிவந்து உப்பும். உப்பிய சதைக்குள் நூல் புதைந்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாது. ரத்த ஓட்டம் நின்றால் விரல் கறுக்கும். கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடும்!

குழந்தை டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும் அல்லவா? அந்த முடியும் இப்படிச் சுற்றிக்கொள்ளும். கால் விரலில் முடி, கை விரலில் கையுறை நூல் என்று இரண்டுமே பார்த்திருக்கிறார்கள். நூல் தெரிந்து, லேசாக வந்தால் எடுத்துவிடலாம். புதைந்திருந்தால் கத்திரியோடு போராட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

சரி, அந்த நூல் அங்கே எப்படி வந்தது?

"பிசிறு வெட்டக் காசு இல்லை"

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறிய பேட்டை இது. இன்றைக்கும் ஜவுளிக்குப் பேர் போன இடம். அங்கே ஒரு சின்ன வீட்டில் ஓர் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஜபலா, ஜட்டி, தொப்பி என்று மூட்டை மூட்டையாகக் குழந்தைத் துணி. பேரைப் போடக் கூடாது என்ற கண்டிஷனோடு பேச ஆரம்பித்தார்.

"வெட்டின துணிய மூட்டையா கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க, தம்பி. டஜனுக்கு இவ்வளவுன்னு கூலி. ஓவர்லாக் அடிச்சா காசு. பட்டன் வச்சா காசு. பிசிறு வெட்டறதுக்கு யாரு காசு தராங்க? கத்திரிய கையில எடுத்தா ஒரு டஜனுக்குக் கால் மணி நேரம் ஓடிப் போயிடும்."

"அப்போ நீங்க வெட்டறதில்லையா?"

"நான் வெட்டிடுவேன். என் பேத்தியும் இதைத்தானே போடறா? ஆனா எல்லாரும் வெட்டுவாங்கன்னு சொல்ல முடியாது. அவங்க மேல தப்பு சொல்லவும் முடியாது. அவங்களுக்கும் வயிறு இருக்குதே!"

ஒரு ஜபலாவை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் காட்டினார். ஓவர்லாக் தையல் முடிகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு நூல் தொங்கியது.

"இந்த வால்தான் வில்லன். இதை மொட்டையா வெட்டினா தையல் பிரிஞ்சிடும். ஊசியில கோத்து தையலுக்குள்ளயே சொருகிட்டு, அப்புறம்தான் வெட்டணும்."

கூலியில் சேராத இந்தக் கால் மணி நேரம்தான் ஒரு குழந்தையின் விரலுக்கும் ஆபத்துக்கும் நடுவே நிற்கிறது. கடையில் விலை பேசும் நாமும் பொத்தான், லேஸ், பொம்மைப் படம் எல்லாம் பார்க்கிறோம். உள்பக்கத்தை யார் பார்க்கிறோம்?

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். கழுத்தில் கட்டும் நாடா நீளமாக இருக்கக் கூடாதாம். ஐரோப்பாவில் இதற்கு விதிமுறையே உண்டு. 7 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதுதான் காரணம்.

பாட்டி பின்னிய ஸ்வெட்டர்

கடைத் துணிதான் இப்படி, வீட்டில் பின்னியது நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்!

சாக்ஸிலும் கையுறையிலும் வாத்து, பூ என்று இரண்டு கலர் நூலில் படம் போடுகிறார்களே, அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கலர் முடிந்து அடுத்த கலர் வருகிற வரைக்கும் நூல் குறுக்கே பாலம் மாதிரி ஓடும். குழந்தையின் விரல் நுழைவதற்கென்றே வைத்த மாதிரி இருக்கும். இரண்டு மூன்று கண்ணிக்கு ஒரு தரம் இரண்டு நூலையும் முறுக்கிக்கொண்டு பின்னினால் பாலம் நீளாது. அதைவிட நல்லது, கைக்கும் காலுக்கும் ஒரே கலர். வாத்தை ஸ்வெட்டரின் முதுகில் வைத்துக்கொள்ளலாம். வாத்து கோபித்துக்கொள்ளாது!

'உல்லன்' என்று கடையில் கொடுப்பதில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது. அக்ரிலிக் நூல்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் கையில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். அது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டால் வேர்க்குருதான் மிச்சம்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. மூத்த பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பாட்டி பத்திரமாக அந்துருண்டை போட்டு வைத்திருப்பார். இளையவன் பிறந்ததும் அப்படியே எடுத்துப் போடுவார். இது ரொம்பத் தப்பு. அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே 'ஜி6பிடி' என்ற என்சைம் குறைவாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். மூளையையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம். பட்டுப்புடவைக்கு வேண்டுமானால் அந்துருண்டை இருக்கட்டும். பாப்பா பெட்டியில் காய்ந்த வேப்பிலை போதும்.

சாயம் போகிற கதை

பருத்தி நூலில் சாயம் ஏறுவது எப்படி? சாயத் தொட்டியில் உப்பைப் போட்டால் சாயம் நூலை நோக்கித் தள்ளப்படுகிறது. பிறகு சோடாவைப் போட்டால் நூலோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. 1956-ல் விற்பனைக்கு வந்த 'ரியாக்டிவ்' சாயத்தின் வித்தை இது. ஆனால் போட்ட சாயம் முழுவதும் பிடிக்காது. பிடிக்காத மிச்சத்தைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பல தடவை அலசி வெளியேற்ற வேண்டும்.

இங்கேயும் அந்தப் பிசிறு விவகாரம்தான்! அலசத் தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும், நேரம் வேண்டும். ஒரு அலசலைக் குறைத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கழிவுத் தண்ணீருக்கும் செலவு உண்டு. நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவு போட்டுத் திருப்பூர் சாயப் பட்டறைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது.

சாயம் போகும் துணியெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. ஆனால் சில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறும். ஜெர்மனி 1994-ல் அவற்றுக்குத் தடை போட்டது. நம் நாட்டிலும் 1997-ல் தடை வந்தது. குழந்தை சட்டைக் காலரைச் சப்பாமல் இருக்காது. அதனால் வெளிநாட்டுக்குப் போகும் சிறு குழந்தைத் துணிக்கு, எச்சில் பட்டால் சாயம் போகிறதா என்றே சோதனை கேட்கிறார்கள். உள்ளூர்க் கடைக்கு வருகிற துணியில் அந்தச் சோதனையை அம்மாதான் செய்ய வேண்டும்.

நாமும் செய்து பார்த்தோம். ஒரு கடையில் ஒரு வயசுக் குழந்தைக்கான சிவப்புக் கவுன் வாங்கினோம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கம் பத்து தடவை அழுத்தித் தேய்த்தோம். கைக்குட்டை ரோஸ் கலர்!

கடைக்காரரிடம் காட்டினோம்.

"உப்புத் தண்ணில ஒரு ராத்திரி ஊற வைங்க சார், நின்னுடும்" என்றார் அவர்.

நிற்காது. உப்பின் வேலை சாயத் தொட்டியோடு முடிந்துவிட்டது. வினிகரும் அப்படித்தான். ஒரே வழி, அலசல் தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் தனியாகச் சோப்புப் போட்டுத் துவைப்பது.

கவுனை ஆறு தடவை துவைத்தாச்சு. தண்ணீர் இன்னும் தெளியவில்லை.