பூட்டை உடைத்தால்தான் திருட்டா?

ஒரகடம் வட்டாரத்தில் இரவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அநேகம். மோட்டார்த் தொழிற்சாலைகளில் முறைவைத்து வேலை பார்க்கும் வாலிபர்கள் இருவர் மூவராக வாடகைக்குக் குடியிருந்து, ஒரே சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுச் செல்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் சாமான்களைத் திருட்டுக்கு எதிராக இன்ஷியூர் செய்து, தவறாமல் பிரீமியம் கட்டி வருகிறார் என்று கொள்வோம். ஒருநாள் திருடன் அச்சாவியைக் கண்டெடுத்துக் கதவைத் திறந்து யாவற்றையும் வாரிச் செல்கிறான். கம்பெனி நஷ்டஈடு தருமா? பெரும்பாலும் தராது.

பொருள் களவு போனது பொய் என்று கம்பெனி சொல்வதில்லை. "பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் எங்கே?" என்றே அது கேட்கிறது. நமது குற்றச் சட்டமோ, தொலைந்த சாவியைக் கண்டெடுத்து ஒருவன் பிறர் வீட்டைத் திறந்து அத்துமீறி நுழைந்தாலும் அது கன்னமிடுதலே என்று உதாரணம் காட்டிச் சொல்லுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445-வது பிரிவில் இருந்த அவ்வுதாரணம், 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 330-வது பிரிவிலும் இருக்கிறது. சர்க்காரின் சட்டத்துக்குத் திருடனாகத் தோன்றுகிறவன், கம்பெனியின் பாலிஸிக்கு மட்டும் திருடனாகத் தோன்றவில்லை! இது என்ன நியாயம்?

இவ்விஷயத்தைச் சுப்ரீம் கோர்ட் 2004-ஆம் ஆண்டிலேயே, யுனைட்டெட் இந்தியா கம்பெனிக்கு எதிரான ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் ஆராய்ந்தது. பாலிஸி ஓர் ஒப்பந்தம்; அதன் வாசகத்தைக் கோர்ட் மாற்றி எழுத முடியாது; பலவந்தம் வேண்டுமென்று எழுதியிருந்தால் பலவந்தத்தை ருசுப்படுத்தியே தீரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதே தீர்ப்பின் முடிவில், இவ்வாசகம் சாமானிய மனிதனுக்கு மிகவும் கடுமையானது, கம்பெனிகள் இதைத் திருத்த வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். 2016-இல் ஒரிஸ்ஸாவின் கைத்தொழில் முதலீட்டுக் கார்ப்பரேஷன் வழக்கிலும் சட்டம் அப்படியே நிலைநிறுத்தப்பட்டது. அன்று கோர்ட் சொன்ன யோசனையைக் கேட்பார் இல்லை.

மற்றொரு பிரமையும் ஜனங்களிடம் இருக்கிறது. வீட்டு இன்ஷியூரன்ஸ் என்றால் திருட்டும் அதில் அடக்கம் என்று எண்ணுகிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிஸியில் தீ, வெள்ளம் போன்ற விபத்து நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே சேரும். சாதாரணத் திருட்டுக்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே திருட்டை ருசுப்படுத்தும் காரியம் கோர்ட்டில் அன்று, வீட்டு வாசலிலேயே ஆரம்பமாகிறது. உடைந்த பூட்டையும் வளைந்த கம்பியையும் தொடாமல் படம் எடுங்கள். ஸர்வேயர் பார்க்கும் வரை பத்திரப்படுத்துங்கள். போலீஸாரிடம் கொடுக்கும் மனுவில் அவ்வடையாளங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மனு ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையைக் கேளுங்கள். அதன் நகலை இலவசமாகப் பெறுவது மனுதாரரின் உரிமை. கம்பெனிக்கும் தாமதமின்றி எழுதுங்கள். பொருள் நம்முடையதே என்பதற்குக் கடைப் பில்லோடு, கல்யாணப் படமும், எடை குறித்த நகை அடகுச் சீட்டும் துணை நிற்கும். திருடன் அகப்பட்டுத் தண்டனை பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது சிவில் விவகாரம்; நடந்திருக்கக்கூடியது எது என்பதே அளவுகோல்.

ஸர்வேயர் சொன்னதே முடிவு என்று அஞ்சவும் வேண்டாம். அவர் அறிக்கை கடைசி வார்த்தையன்று என்று 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கம்பெனி மறுத்தால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அல்லது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் கமிஷனை அணுகலாம்.

ஆயினும், பரிகாரத்தைவிட முன்ஜாக்கிரதை மேல். பணம் கட்டுமுன் "சாவி போட்டுத் திறந்து திருடினால் தருவீர்களா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைத் தமிழில் எழுத்து மூலம் வாங்குங்கள். ஒரகடத்துத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி இக்கேள்வியைக் கேட்குமாயின், கோர்ட் கேட்டும் திருந்தாத வாசகம் திருந்தும் என்பது நமது நம்பிக்கை.