கலத்தின் வாயிலில் ஒரு காவலன்

'கலம்' என்னும் சொல் திருகோணமலையில் வாழ்வோர்க்குப் புதியதன்று. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்பதும் கலம். உயிரியல் பயிலும் மாணவன் நுணுக்குக்காட்டியில் காண்பதும் கலம். இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது மிகவும் பொருத்தமே. மரக்கலமும் உயிர்க்கலமும் உப்பு நீரின் நடுவே இருப்பவை. வெளிநீர் கட்டின்றி உள்ளே புகாதவரையில்தான் இரண்டுக்கும் வாழ்வு.

வெளியே உள்ள உப்புப் பொருள்களுள் உயிர்க்கலம் பெரிதும் அஞ்சுவது கல்சியத்தையே. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. நம் குருதியில் அதன் காற்பங்களவு இருக்கிறது. ஆனால் கலத்தினுள்ளே கட்டின்றி உலவும் கல்சியமோ, வெளியில் அவ்வாறு உலவுவதில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். இதற்குக் காரணம் உண்டு. கலம் தன் சக்தியைப் பொசுபேற்றுச் சேர்வைகளிலே சேமித்து வைக்கிறது. கல்சியமும் பொசுபேற்றும் மிகுதியாகக் கூடினால் கல்லாய் உறையும். நம் எலும்பின் வன்மை அந்தச் சேர்க்கையால் வந்ததே. ஆகவே, புகுந்த கல்சியத்தைக் கலம் ஓயாது வெளியே இறைத்த வண்ணம் இருக்கிறது. அமைதி நிலவும் வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்குமல்லவா? அதுபோல, உள்ளே கல்சியம் அரிதாக இருப்பதனாலேயே சிறிதளவு நுழைந்தாலும் அது கலம் முழுவதற்கும் ஒரு கட்டளையாகி விடுகிறது.

அக்கட்டளையின் வலிமையை முதலிற் கண்டவர் இலண்டன் வைத்தியர் சிட்னி ரிங்கர். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் இட்டு, அது துடிப்பதை அவர் ஆராய்ந்து வந்தார். காய்ச்சி வடித்த நீரிலே கரைசல் செய்யப்பட்டதாக எண்ணி 1882-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் விசாரித்தபோது, கரைசல் உண்மையில் குழாய் நீரிலே செய்யப்பட்டது தெரிய வந்தது. வடித்த நீரில் மீண்டும் செய்து பார்த்தபோது இதயம் துடிப்பிழந்தது. குழாய் நீரிற் கலந்திருந்த சிறிது சுண்ணச் சத்தே, அதாவது கல்சியமே, துடிப்பைக் காத்தது என 1883-இல் அவர் எழுதினார். ஆய்வுகூடத்தில் நேர்ந்த கவனக்குறைவுகளுள் இத்துணைப் பயன் தந்தது வேறொன்று உண்டோ!

இனி, கல்சியம் நுழையும் வழியைக் காண்போம். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. அயன் கால்வாய்கள் என்பன இவையே. சோடியத்திற்கு ஒன்று, பொற்றாசியத்திற்கு ஒன்று, கல்சியத்திற்கு ஒன்று எனப் பலவகையாக அவை அமைந்திருக்கின்றன. இதயத் தசையில் ஒவ்வொரு துடிப்பின்போதும் கல்சியக் கால்வாய்கள் திறக்கின்றன, தசை சுருங்குகிறது, கால்வாய்கள் மூடுகின்றன. குருதியமுக்கத்திற்காக நம் வீட்டு முதியவர்கள் விழுங்கும் அம்லோடிப்பின் வில்லை, குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள இவ்வினக் கால்வாய்களைத் தடுத்தே அமுக்கத்தைத் தணிக்கிறது.

திறந்த வாயிலை மூடுமாறு சொல்பவர் யார்? விடையின் முதற்பகுதி ஓர் எளிய உயிரிடமிருந்து கிடைத்தது. வைக்கோல் ஊறிய நீரில் ஒரு துளியை எடுத்து நோக்கினால் பரமீசியத்தைக் காணலாம். அது தடையொன்றில் முட்டியதும் கல்சியம் உட்புகுந்து, பிசிர்கள் எதிர்த்திசையில் அடித்து, உயிர் பின்வாங்குகிறது. 1978-இல் பிரெம், எக்கேட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், உள்ளே புகுந்த கல்சியமே தான் வந்த கால்வாயை அடைக்கிறது எனக் காட்டினர். கல்சியத்திற்குப் பதிலாகப் பேரியத்தைச் செலுத்தியபோது, கால்வாய் அவ்வாறு அடைபடவில்லை. ஆகவே கல்சியத்தை அடையாளங் கண்டு பற்றும் ஏதோ ஒன்று வாயிலருகே இருத்தல் வேண்டும்.

அந்த ஒன்று கல்மொடியூலின் என்னும் புரதம். அமெரிக்காவில் செங் என்பவரும் யப்பானில் ககியுச்சி என்பவரும் 1970-ஆம் ஆண்டளவில் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது. நூற்றைம்பதுக்குச் சற்றுக் குறைந்த அமினோ அமிலங்களாலான சிறிய புரதம். இரு முனைகளிலும் இரண்டிரண்டாக, கல்சியத்தைப் பற்றும் நான்கு இடங்களை உடையது. இதன் அமைப்பு முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்திலும் ஒன்றே. கொட்பேயில் இறக்கப்படும் சூரை மீனின் கல்மொடியூலினுக்கும், அம்மீனை விலை பேசுபவரின் கல்மொடியூலினுக்கும் ஓர் எழுத்தும் வேறுபாடில்லை. கோடானுகோடி ஆண்டுகளாக இயற்கை இதில் கைவைக்கத் துணியவில்லை எனின், இதன் வேலை எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

கல்மொடியூலின் கலத்தினுள்ளே அலைந்து திரிந்து, கல்சியம் வந்தபின் வாயிலை நோக்கி ஓடிவருவது என்றே முன்னர்ப் பலரும் கருதினர். 1999-இல் வேறு உண்மை வெளிப்பட்டது. பல்ற்றிமோர் நகரில் டேவிட் யூ என்பவரின் குழுவினர், நான்கு பற்றிடங்களும் கெடுக்கப்பட்ட கல்மொடியூலினைச் செய்து கலங்களிற் புகுத்தினர். அக்கலங்களில் நல்ல கல்மொடியூலினும் இருந்தது. இருந்தும், கல்சியம் புகுந்தபின் கால்வாய் வழக்கம்போல அடைபடவில்லை. இதன் பொருள் என்ன? காவலன் தொலைவிலிருந்து வருபவன் அல்லன். கல்சியம் வருமுன்னரே கால்வாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருப்பவன். செயலற்ற காவலன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், நல்லவனுக்கு அங்கு இடமில்லை.

ஆய்வுகூடத்துச் செய்தியாக இருந்த இது, பின்னர் வீடுகளின் துயரோடு தொடர்புடையதாயிற்று. மனிதரிடம் இப்புரதத்திற்கு மூன்று பரம்பரையலகுகள் உண்டு. தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக மொத்தம் ஆறு பிரதிகள். ஆறில் ஒன்று பழுதானால் மற்றைய ஐந்தும் ஈடுசெய்யும் என எவரும் நினைப்பர். ஆயின், ஓட்டத்தின்போதும் மனப்பதற்றத்தின்போதும் மயக்கமும் திடீர் மரணமும் தொடர்ந்து நேர்ந்து வந்த ஒரு சுவீடன் குடும்பத்தில், ஒரே ஒரு பிரதியின் பழுதே காரணமென்று 2012-இல் தெரிந்தது. மறு ஆண்டு, இதயம் பலமுறை நின்றுபோன இரு குழந்தைகளிடமும் இத்தகைய பழுது காணப்பட்டது. அவர்களின் பெற்றோரிடம் அது இல்லை. கருவாகும் காலத்தையொட்டிப் புதிதாகத் தோன்றியது. அக்குழந்தைகளின் இதயக் கால்வாய்கள் உரிய நேரத்தில் மூடாமையால், ஒவ்வொரு துடிப்பின் பின்னும் இதயம் மின்னிலையில் மீண்டுவரத் தாமதித்தது. அடுத்த துடிப்பு அதன்மேல் விழுந்து ஒழுங்கு குலைந்தது.

இந்நோய் மிக அரிது. 2019-இல் உலகளாவிய பதிவேட்டில் இருந்தோர் 74 பேர் மட்டுமே. எனினும் அயன் கால்வாய்களும் அவற்றைச் சார்ந்த புரதங்களும் பழுதுறுவதால் வரும் இதய நோய்கள் வேறு சிலவும் உண்டு. அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். நம் ஊர்களில் விளையாட்டுப் போட்டியின்போது ஒரு பிள்ளை விழுந்தால், 'வெயில் கடுமை', 'காலையில் உண்ணவில்லை', 'கண்ணூறு' என்று பேசி, சோடா ஒன்றைக் கொடுத்து எழுப்பிவிடுவது வழக்கம். வெயிலில் நெடுநேரம் நின்று மயங்குவது பெரும்பாலும் தீங்கற்றதே. ஓடிக்கொண்டிருக்கையில் அல்லது நீந்திக்கொண்டிருக்கையில், முன்னறிவிப்பின்றி உணர்விழப்பது அவ்வகையன்று. அதனை வைத்தியரிடம் அப்படியே, விழுந்த கணத்தில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து, சொல்லல் வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தோர் உண்டெனின் அதையும் மறைத்தலாகாது.

ஈ.சி.ஜி. படம் எடுக்கச் சில நிமிடங்களே செல்லும். துடிப்பின் பின் இதயம் மீளும் நேரம் அதில் அளக்கப்படும். சுவீடன் குடும்பத்திற் கண்ட வகையிலோ ஓய்வாகப் படுத்திருக்கும்போது படம் செம்மையாகவே தோன்றலாம். அதனால் நோயாளியை நடக்கவும் ஓடவும் செய்து மீண்டும் படம் எடுப்பர். நோய் உறுதியானால் பீற்றாத் தடுப்பு மருந்துகள் தரப்படும். சிலருக்கு, இதயம் நிலைகுலையும்போது மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியை மார்பினுள் பொருத்துவர்.