பிளஸ்-2 முடிச்சதும் என்.டி.ஏ.வா? காலேஜ் முடிச்சுட்டு பரங்கிமலையா? ராணுவ அதிகாரி ஆக 2 வழி... உங்க பிள்ளைக்கு எது சரி?

சென்னை:

பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி நிறைவு விழா நடக்கும் போதெல்லாம், மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ வரும். விறைப்பாக நிற்கும் மகனின் தோளில் அப்பாவும் அம்மாவும் நட்சத்திரம் குத்தி விடும் போட்டோ. டீக்கடையில் அந்த பேப்பரை பார்க்கும் பல அப்பாக்களுக்கு ஒரே ஏக்கம்தான். "நம்ம பையனும் இப்படி நிப்பானா?"

நிற்கலாம். அதற்கு சிபாரிசு தேவையில்லை, லட்சக்கணக்கில் பணமும் தேவையில்லை. ஆனால் எந்த வயதில் எந்த கதவை தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வயதை கோட்டை விட்டவர்கள்தான் அதிகம்.

பிளஸ்-2 படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த பேச்சு சகஜம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதாரிடம் ஆட்டோ டிரைவர் கேட்பார். "அண்ணே, பையன் மிலிட்டரிக்கு போறேன்றான். இப்பவே அனுப்பிடலாமா, இல்ல ஒரு டிகிரி முடிக்கட்டுமா?"

"ரெண்டுக்கும் வழி இருக்குப்பா. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல" என்பார் அவர்.

அந்த இரண்டு வழியும் என்ன? இதோ விவரம்...

சிப்பாய் வேறு, அதிகாரி வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக் கொள்ள வேண்டும். 2022-ல் கொண்டு வரப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்கள் சிப்பாய் நிலையில் சேருபவர்கள். பணிக்காலம் 4 ஆண்டு. அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக் கொள்ளப்படுவார்கள்.

இங்கே சொல்வது அதிகாரி வேலை. தரைப்படையில் தொடக்க பதவியே லெப்டினன்ட். தோளில் 2 நட்சத்திரம். இதற்கான தேர்வு, பயிற்சி, சம்பளம் எல்லாமே தனி.

வழி 1: பிளஸ்-2 முடித்ததும் என்.டி.ஏ.

தேசிய பாதுகாப்பு அகாடமியைத்தான் சுருக்கமாக என்.டி.ஏ. என்கிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ளது. 1949-ல் நேரு அடிக்கல் நாட்டினார். தரைப்படை, கடற்படை, விமானப்படை என 3 படைக்கும் வரப்போகும் அதிகாரிகள் இங்கே ஒன்றாக 3 ஆண்டு தங்கி படிக்கிறார்கள். முடிக்கும்போது டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் டிகிரியும் கிடைக்கும்.

2000 முதல் 2002 வரை ராணுவ தளபதியாக இருந்த ஜெனரல் பத்மநாபன் என்.டி.ஏ.வில் படித்து வந்தவர்தான்.

தேர்வை நடத்துவது யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு 2 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடம். வயது பதினாறரைக்கு மேல், பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பிளஸ்-2 படித்துக் கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை.

எழுத்துத் தேர்வு 900 மார்க். அதில் கணக்கு 300, ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்து 600. தப்பாக டிக் அடித்தால் அந்த கேள்விக்கான மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும்.

தரைப்படைக்கு பிளஸ்-2வில் எந்த குரூப் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். காமர்ஸ் படித்த பையனும் போகலாம். ஆனால் கணக்கு பேப்பரில் இருந்து தப்ப முடியாது. விமானப்படை, கடற்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும்.

3 ஆண்டு முடிந்ததும் இன்னொரு கட்ட பயிற்சி உண்டு. தரைப்படைக்கு தேர்வானவர்கள் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கும், கடற்படையினர் கேரளாவின் எழிமலைக்கும், விமானப்படையினர் ஐதராபாத் அருகே துண்டிகல்லுக்கும் போவார்கள். அதன் பிறகுதான் அதிகாரி.

செலவு எவ்வளவு?

ஏழை வீட்டு பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். என்.டி.ஏ.வில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. சேரும்போது துணிமணி, கைச்செலவுக்காக பெற்றோர் ஒரு தொகை கட்ட வேண்டும். சமீப ஆண்டு அறிவிப்புகளில் இது சுமார் 30 ஆயிரம் ரூபாய். பிறகு மாதாமாதம் கைச்செலவும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கைச்செலவுக்கு அரசு உதவி கேட்கலாம்.

என்.டி.ஏ.வில் இருக்கும் 3 ஆண்டும் உதவித்தொகை கிடையாது. அடுத்த கட்டமான டேராடூன் பயிற்சிக்கு போன பிறகுதான் மாதம் 56,100 ரூபாய் கிடைக்கும்.

கையெழுத்து போடும் முன் கவனம்

என்.டி.ஏ.வில் சேர்க்கும்போது பெற்றோர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து போட வேண்டும். "எனக்கு பிடிக்கல, வீட்டுக்கு வரேன்" என்று பையன் தானாக பாதியில் கிளம்பி வந்தால், அதுவரை அரசு செய்த செலவை திருப்பி கேட்பார்கள். கையில் டிகிரியும் இருக்காது. காலேஜ் வாழ்க்கையை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பயிற்சியில் பலத்த அடிபட்டு, உடல் தகுதி இல்லை என்று அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. அப்படி வீடு திரும்பிய பயிற்சி வீரர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் பிறகு அவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ திட்டத்தில் சேர வழி கிடைத்தது.

அதனால்தான் பெரியவர்கள் சொல்கிறார்கள். 17 வயது பையன் சினிமா பார்த்துவிட்டு சொல்கிறானா, மனசார சொல்கிறானா என்று முதலில் உட்கார வைத்து பேசுங்கள். அப்பாவின் ஆசைக்காக தள்ளி விட்டால் அங்கே நிற்பது கஷ்டம்.

வழி 2: காலேஜ், என்.சி.சி., பரங்கிமலை

இரண்டாவது வழி நம்ம ஊர் வழி. காலேஜில் டிகிரி படித்துக் கொண்டே தயாராவது. படிப்பு முடிந்ததும் பரங்கிமலை அகாடமியில் 49 வாரம் பயிற்சி. சீன போரில் அதிகாரிகள் போதாமல் இருந்தது தெரிந்த பிறகு, 1963-ல் தொடங்கப்பட்டது இந்த பயிற்சி நிலையம். இங்கே முதல் மாதத்தில் இருந்தே 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடிக்கும்போது சென்னை பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமாவும் கிடைக்கும்.

இதற்குள் நுழைய முக்கியமாக 2 வாசல்.

ஒன்று, சி.டி.எஸ். தேர்வு. இதையும் யு.பி.எஸ்.சி.தான் ஆண்டுக்கு 2 முறை நடத்துகிறது. டிகிரி கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். பரங்கிமலைக்கு மட்டும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு என 2 பேப்பர்தான். கணக்கு கிடையாது. கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. வயது 19 முதல் 25 வரை. இதே தேர்வில் கணக்கும் எழுதினால் டேராடூனுக்கும் முயற்சிக்கலாம். அதற்கு வயது வரம்பு 24. என்.சி.சி. தரைப்படை பிரிவில் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு என்றே டேராடூனில் ஒவ்வொரு முறையும் 13 இடம் ஒதுக்கப்படுகிறது.

இரண்டாவது வாசல், என்.சி.சி. சிறப்பு நுழைவு. 'சி' சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீத மார்க் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுதான். ஆனால் இடங்கள் குறைவு.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'சி' சான்றிதழ் ஒரே நாளில் கிடைப்பதில்லை. காலேஜில் பெரும்பாலும் 3 ஆண்டு என்.சி.சி.யில் இருக்க வேண்டும். முகாம், பரேடு எல்லாம் போக வேண்டும். இரண்டாம் ஆண்டு முடியும்போது 'பி', மூன்றாம் ஆண்டில்தான் 'சி'. அதாவது முதல் ஆண்டு, முதல் மாதமே பெயர் கொடுக்க வேண்டும். கடைசி வருஷம் போய் "சார், என்னையும் சேத்துக்கோங்க" என்றால் நடக்காது. காலேஜை தேர்ந்தெடுக்கும்போதே அங்கே என்.சி.சி. இருக்கிறதா என்று கேட்டு சேர்ப்பது நல்லது.

என்ஜினீயரிங் படித்தவர்களுக்கு தனியாக தொழில்நுட்ப நுழைவும் உண்டு. அதற்கும் எழுத்துத் தேர்வு இல்லை. டிகிரி மார்க் பார்த்து எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள்.

பெரிய வித்தியாசமே பென்ஷன்தான்

இரண்டு வழியில் வந்தாலும் பதவி ஒன்றே. லெப்டினன்ட். சம்பளமும் ஒன்றே. 7-வது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை சம்பளம் 56,100 ரூபாய். ராணுவ சேவை ஊதியம் 15,500 ரூபாய். பஞ்சப்படி போன்றவை தனி.

வித்தியாசம் வேலைக்காலத்தில்தான். என்.டி.ஏ. அல்லது டேராடூன் வழியாக வருபவர்களுக்கு நிரந்தர பணி. பரங்கிமலை வழியாக வருபவர்களுக்கு குறுகிய கால பணி. 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு. மொத்தம் 14.

ராணுவ அதிகாரிக்கு பென்ஷன் வாங்க 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆக, 14 ஆண்டில் வெளியே வருபவருக்கு பணிக்கொடை உண்டு, மாதாந்திர பென்ஷன் கிடையாது. 38 வயது வாக்கில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். 10 ஆண்டு முடியும்போது நிரந்தர பணி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டை தாங்கப்போகும் மூத்த பிள்ளை என்றால் இதை கணக்கு போட்டு பார்ப்பது அவசியம்.

அதற்காக பரங்கிமலை என்றால் இளப்பம் என்று நினைத்தால் அது தப்பு. காஷ்மீரில் 2014-ல் வீர மரணம் அடைந்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் இங்கே பயிற்சி பெற்றவர்தான். 'அமரன்' படம் அவரது கதைதான். 1987-ல் இலங்கையில் உயிர் துறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இங்கே பயிற்சி முடித்து 1972-ல் அதிகாரி ஆனவர். இன்று அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கே அவர் பெயர்தான்.

பெண் பிள்ளைகளுக்கும் உண்டு

பரங்கிமலையில் 1992 முதலே பெண்களை சேர்க்கிறார்கள். என்.டி.ஏ. கதவு மட்டும் மூடியே இருந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அதுவும் திறந்தது. முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் என்.டி.ஏ. பயிற்சியை முடித்து வெளியே வந்தார்கள். குறுகிய கால பணியில் இருக்கும் பெண் அதிகாரிகளும் நிரந்தர பணி பெறலாம் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. "பொம்பள பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

5 நாள் பரீட்சை

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. என்ற 5 நாள் தேர்வை தாண்ட வேண்டும். நமக்கு பக்கத்தில் உள்ள மையம் பெங்களூரு. முதல் நாளே வடிகட்டி பலரை திருப்பி அனுப்பி விடுவார்கள். மீதி நாட்களில் மனோதத்துவ சோதனை, குழுவாக செய்யும் வேலைகள், நேர்முகப் பேச்சு, கடைசியில் எல்லா அதிகாரிகளும் கூடி முடிவு. பிறகு மருத்துவ பரிசோதனை.

தமிழ் மீடியம் பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கில பேச்சில்தான். இலக்கணப் பிழை இல்லாமல் பேச வேண்டும் என்பதில்லை. கூச்சம் இல்லாமல், நினைத்ததை சொல்லத் தெரிய வேண்டும். தினமும் பத்து நிமிஷம் ஆங்கில பேப்பரை சத்தமாக படித்தாலே நாக்கு பழகும். பணம் கொடுத்தால் சீட் என்று யாராவது வந்தால் நம்பவே வேண்டாம். இதில் புரோக்கருக்கு இடமே இல்லை.

அப்போ எதை பிடிப்பது?

ஒன்றை பிடித்தால் இன்னொன்றை விட வேண்டும் என்பதே இல்லை. இதுதான் பல பெற்றோருக்கு தெரியாத விஷயம்.

என்.டி.ஏ.வுக்கு பத்தொன்பதரை வயதோடு கதவு மூடி விடும். பரங்கிமலைக்கு 25 வரை நேரம் இருக்கிறது. எனவே பிளஸ்-2 படிக்கும்போதே என்.டி.ஏ. தேர்வை எழுத வைக்கலாம். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் என்.சி.சி. உள்ள காலேஜில் சேர்ந்து, முதல் மாதமே பெயர் கொடுத்துவிட்டு, வயது இருக்கும் வரை மறுபடியும் என்.டி.ஏ. எழுதலாம். அதுவும் போனால் டிகிரியும் 'சி' சான்றிதழும் கையில் இருக்கும். சி.டி.எஸ்., சிறப்பு நுழைவு என்று அடுத்தடுத்து தட்டலாம். ராணுவமே கிடைக்காமல் போனாலும் அந்த டிகிரி வேறு வேலைக்கு உதவும்.

கணக்கில் கெட்டி, வீட்டை விட்டு இருக்க தயார், முடிவில் உறுதி... இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்.டி.ஏ. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இன்னும் யோசிக்கும் பிள்ளைக்கு காலேஜ் வழி நிதானமானது.

இதைத்தான் அந்த சுபேதாரும் ஆட்டோ டிரைவரிடம் சொல்வார். "பையன் பிறந்த தேதிய முதல்ல பாரு தம்பி. அறிவிப்பு எப்ப வருதுன்னு யு.பி.எஸ்.சி. வெப்சைட்ட பாத்துக்கிட்டே இரு. மிச்சத்த அவன் பாத்துக்குவான்."