21 ஓவர்... ஒரு ரன் கூட இல்லை!
சேப்பாக்கத்தில் அல்ல, பெரியமேட்டில் நடந்த அதிசயம்

சென்ட்ரலில் இறங்கி பெரியமேடு பக்கம் போகிறவர்கள் தினமும் பார்க்கிற இடம், நேரு ஸ்டேடியம். "அதுவா? புட்பால் கிரவுண்டு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

ஆனால் ஒரு காலத்தில் டெஸ்ட் மேட்ச் பார்க்க ஜனங்கள் படையெடுத்தது இங்கேதான்! 1956 முதல் 1965 வரை சென்னையில் நடந்த 9 டெஸ்ட் மேட்சுகளில் ஒன்றுகூட சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. எல்லாம் இந்த மண்ணில்தான். அப்போது இதற்குப் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

முதல் மேட்சிலேயே உலக சாதனை

1956 ஜனவரி. எதிரணி நியூசிலாந்து. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட இறங்கினார்கள். 100 ஆனது. 200 ஆனது. 300 ஆனது. விக்கெட் விழவில்லை!

413 ரன் சேர்த்த பிறகுதான் ஜோடி பிரிந்தது. மன்கட் 231, ராய் 173. இந்தியாவுக்கு இன்னிங்ஸ் வெற்றி.

துவக்க ஜோடிகளில் இதை மிஞ்ச உலகத்தில் 52 வருஷம் ஆள் இல்லை. 2008-ல் தென் ஆப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 அடித்த பிறகுதான் இந்தச் சாதனை முறிந்தது.

1962-ல் இங்கிலாந்தை இங்கே 128 ரன்னில் தோற்கடித்தது இந்தியா. தொடர் 2-0. இங்கிலாந்திடம் தொடரையே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பட்டோடியின் முதல் டெஸ்ட் செஞ்சுரியும் அந்த மேட்சில்தான்.

கஞ்சப் பந்து வீச்சு

1964 ஜனவரி. மறுபடியும் இங்கிலாந்து. பந்து போட வந்தார் பாபு நட்கர்னி. அடுத்தடுத்து 21 ஓவர். மொத்தத்தில் தொடர்ந்து 131 பந்து. ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை!

அந்த இன்னிங்சில் அவர் போட்டது 32 ஓவர். அதில் 27 மெய்டன். கொடுத்த ரன் வெறும் 5. பாவம், விக்கெட்தான் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேட்சும் டிரா!

கிரிக்கெட் போச்சு

1965-ல் நியூசிலாந்துடன் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். 1967-ல் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது.

பக்கத்தில் இருந்தவைகளும் நிலைக்கவில்லை. 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அதே வருஷம் "உயிர் காலேஜ்" வண்டலூருக்குப் போனது.

ஸ்டேடியம் மட்டும் வேஷம் மாற்றிக்கொண்டு பிழைத்தது. 1993-ல் புதிதாகக் கட்டினார்கள். ஓட்டப் பாதை, கால்பந்து மைதானம், பக்கத்திலே உள்ளரங்கம். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது.

2013-ல் ஒரு நஷ்டம். இலங்கை வீரர்கள் வரக்கூடாது என்றது தமிழக அரசு. சென்னையில் நடக்க இருந்த ஆசிய தடகளப் போட்டி புனாவுக்குப் போய்விட்டது.

2014 முதல் சென்னையின் எப்.சி. வந்து கால்பந்து களை கட்டியது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் துவக்க விழா நடந்தது உள்ளரங்கத்தில்.

எல்லா ஆட்டத்துக்கும் இடம் கொடுத்த மைதானம் இது. ஆனால் இங்கே ஓடிப் பழகுகிற பையன்களில் எத்தனை பேருக்கு மன்கட்டையும் நட்கர்னியையும் தெரியும்?

413, 131. இந்த இரண்டு எண்களையும் வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? மூர் மார்க்கெட்டுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. நிற்கிற மைதானத்தின் கதையாவது நிற்கட்டும்!